கரண்டி என் கையில், திருகு அவள் கையில்

எங்கள் வீட்டில் அடுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் என்றால் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. அடுப்பு அதே மேடையில்தான் இருந்தது, சிலிண்டரும் அதன் கீழேதான் இருந்தது. "அம்மா, இனிமே நீங்க அடுப்புப் பக்கம் போகாதீங்க" என்று மகன் ஒரு வார்த்தை சொன்னான். அதோடு முடிந்தது.

நடந்தது இதுதான். பாலை அடுப்பில் வைத்தேன். மழை வந்தது. இந்தத் தீவில், எங்கள் ஷாதிபூரில், மழை சொல்லிக்கொண்டு வராது. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஏறிப் போய்த் துணியை எடுத்தேன். ஏறினதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அங்கே தகரம் போட்ட இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன். தூரத்தில் ஒரு கப்பல் மழைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். இறங்கி வந்தபோது பால் இல்லை. பால் இருந்த சட்டியும் சட்டியாக இல்லை. புகை கீழ் வீடு வரைக்கும் போயிருக்கிறது. கீழ் வீட்டு மலையாளத்துப் பெண் ஓடி வந்து அடுப்பை அணைத்து, ஹார்பரில் டியூட்டியில் இருந்த என் மகனுக்குப் போனும் போட்டுவிட்டாள். அணைத்தது சரி. போன் எதற்குப் போட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எரிந்தது பால்தான், வீடு இல்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் சமையலில் என்னை யாரும் கூட்டிப் படிக்கச் சொன்னதில்லை. இலங்கையில் மலைத் தோட்டத்தில் பிறந்த என்னை, பிறகு சர்க்காரில் கப்பலேற்றி இந்தப் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து ஈர விறகில் சோறு பொங்கி வைத்துவிட்டுப் போனவள் நான். அப்படிப்பட்டவளுக்கு மருமகள் காலையில் பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். வெயில் ஏறின பிறகு அதைத் திறந்தால் தேயிலை வாசம் வராது, மூடியின் வாசம்தான் வரும். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். குறை சொன்னதில்லை. குறை சொன்னால் அது கேட்பது மாதிரி ஆகிவிடும். அடுப்பு என் கைக்குத் திரும்பி வர வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் எடுத்தவர்கள் வாயாலேயே அது வர வேண்டும். நானாகப் போய்க் கேட்பதாக இல்லை.

மருமகள் திக்லிபூர் பெங்காலி வீட்டுப் பெண். மகன் அங்கே வேலையில் இருந்தபோது பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். இங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். வந்த புதிதில் நாங்கள் இரண்டு பேரும் இந்தியில் பேசிக்கொண்டோம். இப்போது அவள் தமிழ் பேசுகிறாள். அது தமிழ் என்று அவள் நினைக்கிறாள், நானும் விட்டுவிட்டேன். நல்ல பெண். பொறுமைதான் கொஞ்சம் போதாது.

எங்கள் கட்டடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஈத் வந்தால் பின் வீட்டிலிருந்து சேமியா வரும். பூஜைக்கு எங்கள் வீட்டிலிருந்து தேங்காய் உருண்டை போகும். கிறிஸ்துமசுக்குக் கீழ் வீட்டிலிருந்து கேக் வரும். வந்த தட்டு யாருடையதானாலும் அதை வெறும் தட்டாகத் திருப்புவதில்லை. இந்தக் கிறிஸ்துமசுக்குக் கேக் வரவில்லை. விரல் அகலத்தில் துண்டு துண்டாய் ஒன்று வந்தது. அடியில் வெண்ணெய் பிஸ்கட், நடுவில் பழுப்பாய் இழுபடுகிற ஒரு பால் பாகு, அதன்மேல் சாக்லேட். கேரமல் ஷார்ட்பிரெட் என்று மருமகள் பெயர் சொன்னாள். எனக்கு மூணடுக்கு என்றால் போதும். அவள் ஒன்று தின்றாள். தட்டை மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி திறந்தாள்.

தட்டு எங்களிடமே தங்கிவிட்டது. அதற்குள் கீழ் வீட்டுக்காரருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்து, கப்பல் டிக்கெட்டும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் கப்பல்.

"ரெண்டு ஆரஞ்சுப் பழம் வெச்சுக் குடுத்துடு புள்ள" என்றேன்.

"நஹீ மா. அதே சீஸ், அதே பண்டம் பண்ணித்தான் குடுக்கணும். அன்னிக்கு ரெசிபி கேட்டேன்ல? 'மோளே, நினக்கு இது கஷ்டமாகும்'னு சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"ஹாங் மா."

அப்படியானால் செய்யத்தான் வேண்டும் என்று நானும் நினைத்தேன். சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் தனியாக ஒரு தடவை செய்தாள். வெண்ணெய், சீனி, டின் பால் மூன்றையும் சட்டியில் போட்டுக் கிண்ட ஆரம்பித்தவள், போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். வீடியோவைப் பார்க்கிற நேரம் கை நின்றுவிடும். கை நின்ற நேரத்தில் பாகு அடி பிடித்துவிடும். நான் கூடத்தில் உட்கார்ந்து மூக்கால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பிடிக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறார்கள், நான் போகவில்லை. கறுப்புப் பொட்டும் பழுப்புமாய் ஒரு பண்டம் வந்தது. அதைக் காக்கைக்குப் போட்டாள். காக்கையும் யோசித்துத்தான் எடுத்தது.

மறுநாள் ஞாயிறு. மகன் டியூட்டிக்குப் போய்விட்டான். மருமகள் கடைக்குப் போய்க் கடைசி வெண்ணெய்ப் பாக்கெட்டை வாங்கி வந்தாள். இனி கப்பல் வந்தால்தான் வெண்ணெய் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். டின் பாலும் ஒன்றுதான் இருந்தது. இது கெட்டால் வேறு இல்லை.

மைதாவையும் வெண்ணெயையும் சீனியையும் பிசிறி, தட்டில் அழுத்தி, ஓவனில் வைத்து எடுத்தாள். அது நன்றாகவே வந்தது. வாசத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். நின்றவள் கூடத்துக்கு வந்தாள்.

"மா, சுனியே, கேளுங்க. ஒரு காம் பண்ணலாம். நீங்க கிண்டுங்க. கேஸ் நான் பாத்துக்கறேன்."

"அதென்ன, நீ கேஸைப் பாக்கறது?"

"கரண்டி உங்க கையில. இந்தத் திருகு மட்டும் தொடாதீங்க. அவரு திட்டுவாரு."

"அவரு ஹார்பர்ல இருக்காரு."

"ஃபிர் பீ மா, இருந்தாலும்."

போனேன். அடுப்பு வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொள்ளவில்லை. கரண்டி வந்தது, அவ்வளவுதான். அவள் ஒரு கையில் போனையும் ஒரு கையில் திருகையும் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். நான் இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்திருந்தேன். ஒரு சட்டிக்கு இரண்டு பேர் அப்படி நின்றால் யாராலும் சமைக்க முடியாது.

"தீயக் கொற புள்ள."

"மீடியம்னு போட்டிருக்கு மா."

"எங்க போட்டிருக்கு?"

"போன்ல."

"போனா கிண்டுது?"

ஒரு நூல் குறைத்தாள்.

"இன்னும் கொற."

"இவ்ளோ கொறச்சா கல்தான் ரெடி ஆகும். கல்னா நாளைக்கு மா. கப்பல் போயிடும்."

"கல்லா ஆனா நாமளே தின்னுட்டுப் போறோம். அடி புடிச்சா நேத்து மாதிரி காக்காதான்."

"நேத்துக் கதைய விடுங்க மா, ப்ளீஸ்."

"நான் எங்க சொன்னேன்? அந்தக் காக்கா இன்னிக்கும் வந்து உக்காந்திருக்கு, அதுகிட்டக் கேளு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தாலும் திருகை விடவில்லை. பாகு மெல்ல வெளுப்பு மாறியது. எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்றில் இருக்கிறது. நிறம் வைத்துப் பதம் பார் என்றால் என்னால் ஆகாது. கை சொல்வதைத்தான் கேட்பேன். கரண்டி எவ்வளவு கனக்கிறது, சட்டியில் உரசும் சத்தம் எப்படி மாறுகிறது, அதுதான் எனக்குக் கணக்கு.

அந்த நேரத்தில் கீழேயிருந்து யாரோ கூப்பாடு போட்டார்கள். "பானி! பானி ஆ கயா!"

எங்கள் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்கும் கொஞ்ச நேரம்தான். படிக்குக் கீழே இருக்கிற குழாயில் பிடித்து, வாளி வாளியாய் மேலே கொண்டுவந்து டிரம்மை நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்தது அரை வாளி. தண்ணீர் சுமக்கிற முழங்கால் எனக்கு இல்லை.

மருமகள் கதவைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பந்த் பண்ணிட்டுப் போகட்டுமா மா? வந்து திரும்பப் போடலாம்."

"பண்ணு. ஆறினா சீனி பூத்து மணல் மாதிரி ஆகும். உன் இஷ்டம்."

நான் பொய் சொல்லவில்லை. பாதிப் பாகை ஆறவிட்டால் அப்படித்தான் ஆகும். ஆனால் "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என் பக்கம் இல்லை.

கீழே வாளிகள் முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"மா, மழை வந்தாலும் மாடிக்கு மட்டும் போகாதீங்க. துணி நனையட்டும்."

"போ புள்ள, தண்ணி நின்னுடும்."

போய்விட்டாள். நான் முதல் காரியமாகத் தீயைக் குறைத்தேன். போன் மேடைமேல் வெளிச்சமாய்க் கிடந்தது, பிறகு தானாக அணைந்தது. மருமகள் டிரம்மில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் இடையிடையே கேட்டது. ஒவ்வொரு தடவையும் சமையலறை வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறாள் என்று காலடியில் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிண்டினேன்.

கரண்டி இழுத்த இடத்தில் கோடு விழுந்து அடி தெரிந்தால் இறக்க வேண்டும் என்று முன்பே படித்துச் சொல்லியிருந்தாள். கோடு விழுந்தது. நான் இறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தொதல் கிண்டுவோம், தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் போட்டு. கோடு விழுவதெல்லாம் அதில் பாதி வழி. கிண்டக் கிண்ட உள்ளே போன எண்ணெய் அத்தனையும் வெளியே வந்து ஓரத்தில் நிற்க வேண்டும். எண்ணெய் விடாமல் இறக்கினால் அது வேகாத பண்டம், அதை யார் வீட்டுக்கும் கொடுக்க மாட்டோம். இதிலும் வெண்ணெய் போயிருக்கிறதல்லவா, அது வெளியே வரட்டும் என்று கிண்டினேன். தோள் இற்றுப்போனது. வந்தது. சட்டி ஓரம் பூரா நெய் பளபளத்து நின்றது. திருகை மூடினேன். குனிந்து சிலிண்டரையும் மூடினேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

கடைசி வாளியை ஊற்றிவிட்டு மருமகள் சேலை நனைந்து வந்தாள். முதலில் அடுப்பைப் பார்த்தாள். பிறகு சிலிண்டரை. பிறகு ஸ்டூலில் இருந்த என்னை. எல்லாம் முடிந்துதான் சட்டியைப் பார்த்தாள்.

"அரே மா! பட்டர் வெளிய வந்துடுச்சே!"

"வரணும்."

"வரக் கூடாது மா! அப்டி வந்தா பிரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

அவள் போனை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கீழே வைத்துவிட்டாள். நெய்யை ஒரு கிண்ணத்தில் வடித்தாள். பாகை பிஸ்கட்மேல் சாய்த்தாள். அது ஊற்றும்படி இல்லை, மொத்தையாய் விழுந்தது. நான் ஒரு சின்னக் கிண்ணத்தின் அடியில் நெய் தடவிக் கொடுத்தேன், அதை வைத்து அழுத்திப் பரப்பினாள். ஆறுவதற்குள் விரலால் தொட்டுப் பார்க்க வந்தவளின் கையைத் தட்டிவிட்டேன். ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றினால் உறையும்வரை கிட்டே போகக் கூடாது. விரல் பட்ட ஷீட்டை நல்ல தரத்தில் எடுக்க மாட்டார்கள். கச்சாலில் அதற்காகவே குழந்தைகளை ரப்பர் ஷெட்டுக்குள் விட மாட்டோம். பாகு உறைந்த பிறகு சாக்லேட்டை வெந்நீர்மேல் வைத்து உருக்கி ஊற்றினாள், ஃபிரிட்ஜில் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று அடுக்கும் மூன்று நிறம்.

வெட்டும்போதுதான் தெரிந்தது. கத்தி சாக்லேட்டில் இறங்கியது. நடுவில் நின்றுவிட்டது. அழுத்தினாள், கத்திதான் வளைந்தது.

"மா, பத்தர் ஆயிடுச்சு, கல்லு."

"தாவ் எடு."

தேங்காய் வெட்டுகிற பெரிய கத்திக்கு இங்கே தாவ் என்று பெயர். அவள் அதை வைத்துப் பிடிக்க, நான் மேலே அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு துண்டு தெறித்து ஜன்னல் வரைக்கும் போனது. சிலதில் சாக்லேட் தனியே கழன்றது. ஒன்றும் ஒரே அளவாய் இல்லை. மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத எப்டி மா குடுக்கறது? சிரிப்பா அவ."

"சிரிக்கட்டும். நாளைக்குப் போறவ."

நானும் கூடப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கீழ் வீட்டில் சாமான் எல்லாம் பெட்டியில் ஏறியிருந்தது, உட்கார இடம் இல்லை. அந்தப் பெண் தட்டை வாங்கி, ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு ஓரமாய் வைத்துப் பார்த்தாள், பிறகு முழுதாய் வாய்க்குள் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

"அம்மே," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல ருசியா. பட்சே இத இப்போ வாயில இட்டா, சென்னை போய் எத்தினாலும் தீராது."

"தீர வேண்டாம். வாய மூடிட்டிருந்தா கப்பல்ல வாந்தி வராது" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மருமகளைப் பார்த்து, "நீ தண்ணி எடுக்கான் வந்தில்லே? அப்போ அடுப்பில ஆரு?" என்று கேட்டாள்.

"மா."

"தனிச்சா?"

"தனியாத்தான்" என்று நான் சொன்னேன். "இந்தத் தடவ போன் போட வேணாம்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு மறுபடி சிரித்தாள். நாங்கள் கிளம்பும்போது அவள் இன்னொரு துண்டைத் தனியே எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டாள். அது ருசிக்கா, மரியாதைக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

சாயங்காலம் மகன் வந்தான். மருமகள் மீதித் துண்டுகளை அவன்முன் வைத்தாள். ஒன்றை எடுத்து வெகுநேரம் மென்றான்.

"யாரு செஞ்சது?"

"நான். பாகு அம்மா கிண்டினாங்க."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன். அப்புறம் பானி வந்துச்சு, நீச்சே, கீழ போனேன்."

"அடுப்ப எரியவிட்டுட்டு அம்மாவத் தனியா விட்டியா? நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"அம்மா அடுப்ப பந்த் பண்ணி, சிலிண்டரும் பந்த் பண்ணி உக்காந்திருந்தாங்க. அயர்ன் பாக்ஸ ஆன்ல வெச்சுட்டு டியூட்டிக்குப் போனது யாரு? அன்னிக்கு உங்களுக்கு யாராவது அயர்ன் பாக்ஸ் பக்கம் போகாதீங்கன்னு சொன்னாங்களா?"

அவள் அதைச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகன் தட்டைப் பார்த்தான். துண்டுகளை ஒழுங்காக அடுக்கினான். அவன் சின்ன வயதிலும் மாட்டிக்கொண்டால் எதையாவது அடுக்குவான்.

"சரி. காலையில தேத்தண்ணி அம்மாவே போட்டுக்கட்டும்" என்றான்.

வார்த்தை வந்துவிட்டது. ஆனால் பாதிதான் வந்தது.

"தேத்தண்ணி மட்டுமா?" என்றேன். இதைக் கேட்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்ததைச் சரிபார்த்தேன்.

"அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தவன், யோசிக்க நேரம் வேண்டுமோ என்னவோ, இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடைவாயால் ஒரே கடியாய்க் கடித்தான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. ஒரு விரலைத் தூக்கி, இருங்கள் என்று சைகை காட்டினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

நான் எழுந்து உள்ளே போனேன். உலை வைத்தேன். அரிசியை நிறைய தண்ணீர் விட்டுக் களைந்தேன், அன்றைக்கு டிரம் நிறைந்திருந்தது. கூடத்தில் அவன் "ம்... ம்..." என்று ஏதோ சொல்லப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பல்லைப் பிரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது அரிசி உலையில் போய்விட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"எனக்குச் சோறு கொழைய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.